பாப்கார்ன் சீர்

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு மண்டபத்தை, அதற்குள் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு உருப்படிகளோடு வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் ராஜமங்களா தியேட்டருக்குள் நட்டு வைத்தவன் நான். குதிரையையும் சேர்த்தால் நானூற்றுப் பதின்மூன்று. அதற்கு முன்னால் ஐம்பது நிமிஷம், பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தைக்குத் தாய்மாமனாக இருந்தேன். அந்த ஐம்பது நிமிஷத்துக்குள் எனக்குச் சேராத ஒரு மன்னிப்பையும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

சொன்னால் சிரிக்கிறார்கள். என் மனைவி ஞானமேரி மட்டும் சிரிக்கவில்லை. "இதை எங்கிட்ட சொல்லாதீங்க, சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுங்க" என்றாள். மண்டபத்து வீடியோவைக் காட்டியதும் அவளும் நம்பிவிட்டாள். ஊரே பாதியாவது நம்புகிறது. ஊர் முன்னால் "அப்படி ஒண்ணும் நடக்கலீங்க" என்று சாதித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் மாதேஸ்வரன். அன்றைக்கு எனக்கு இரண்டு கையாலும் மாலை போட்டவர் அவர்தான் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சவரியார். முப்பத்துநாலு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். நான் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று கூவினால், ஜங்ஷனில் நிற்கிற ஜனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். ஏற்காட்டு மலையில் குரங்குகள் காபிக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். அப்பேர்ப்பட்ட தொண்டை ரிட்டையர் ஆகி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? சமையலறை வாசலில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்று நான் என்னையறியாமல் சத்தம் போட்ட அன்றைக்கு ஞானமேரி சொன்னாள்: "ஒண்ணு நீங்க வெளிய போங்க, இல்லாட்டி நான் உள்ளயே போயி கதவைச் சாத்திக்கறேன்."

அப்படித்தான் ராஜமங்களாவில் சேர்ந்தேன். தெருவில் வேஷம் கட்டிக்கொண்டு படத்துக்கு ஆள் கூப்பிடுகிற வேலை. வேலை கொடுத்தவர் மேனேஜர் குமரகுரு. நல்ல மனிதர். தலைக்குள் யோசனை ஊறிக்கொண்டே இருக்கும். அந்த யோசனையெல்லாம் என் தலையில்தான் வந்து விடியும்.

கரடிப் படம் வந்தபோது என்னைக் கரடி ஆக்கினார். சித்திரை வெயில். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பதினெட்டு நாய்கள் என்னைச் சுற்றி நின்று மாநாடு நடத்தின. போலீஸ் படத்துக்குக் காக்கி மாட்டிக்கொண்டு சும்மா நோட்டீஸ்தான் கொடுத்தேன். ஹெல்மெட் போடாத அத்தனை டூவீலரும் என்னைப் பார்த்ததும் திரும்பி ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் ஓட, ஏற்காடு ரோடு ஒரு மணி நேரம் உறைந்துபோனது. பேய்ப் படத்துக்கு வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம், வாயில் சாயம். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா கொஞ்சமும் பயப்படாமல், "ஏனுங்க, ஏற்காடு பஸ் இங்க நிக்குங்களா?" என்று என்னிடமே கேட்டாள். பேய்க்குப் பழக்க தோஷம். டைமிங் எல்லாம் சொல்லி, ஏற்றியும் விட்டது.

இத்தனையும் செய்து, தொண்டை கிழியக் கூவினால், காலேஜ் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ஆப்ல பாத்துக்கறோம் அங்கிள்." சொல்லிவிட்டு என்னோடு ஒரு செல்ஃபி. சேலத்தில் என்னோடு செல்ஃபி எடுக்காத ஆள் கிடையாது. என்னைப் பார்த்துப் படத்துக்கு வந்த ஆள் யார் என்று குமரகுரு கேட்டால் மட்டும் நான் மலையைப் பார்ப்பேன்.

அப்புறம் அந்த ராஜா படம் வந்தது. மூன்று மணி நேரம், நானூற்று எண்பது சீட், முதல் வாரமே சீட்டெல்லாம் பல்லை இளித்தது. குமரகுரு என்னைக் கூப்பிட்டார்.

"சவரியாரே, ராஜா படத்துக்கு ராஜா மாதிரி கூப்பிடணும். குதிரை. செண்டை மேளம். பின்னாடி பதினொரு பொம்பளைங்க, பதினொரு தட்டு. தட்டு மேல செவப்புப் பட்டு. தெறந்து பாத்தா நம்ம கேண்டீன் பாப்கார்ன். ராஜா ஊருக்கே சீர் கொண்டாறாரு. எப்படி?"

"கேக்க நல்லாத்தான் இருக்குங்க. எனக்குக் குதிரை ஏறத் தெரியாதுங்களே."

"குதிரைக்கு எல்லாம் தெரியுமாம். ஓட்டறவர் சொன்னாரு."

குதிரைக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் பிரச்சினையே. அது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை கண்டுவிட்டு நேராகப் போய் ராஜாவானேன். அட்டைக் கிரீடத்தைத் தாடைக்கடியில் நாடா போட்டு முடிச்சுப் போட்டார்கள். மீசையைப் பசை வைத்து ஒட்டினார்கள். வெயிலுக்காக நானே ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டேன். குதிரையின் பெயர் பவுன். ஓட்டுகிறவர் தம்மம்பட்டி சின்னண்ணன். மேளம் ஆத்தூர் செட். எட்டுப் பையன்கள், அவர்களுக்குத் தலைவன் நவநீதகிருஷ்ணன். அவனிடம் ஒரு வழக்கம்: குச்சியைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவன் கை தூக்கினால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். அவன் கண்ணைத் திறந்தால்தான் கை தூக்குவான். தட்டு தூக்க, தியேட்டர் கூட்டுகிற முத்தாயம்மாளும் அவள் திரட்டிக்கொண்டு வந்த பத்துப் பேரும்.

பதினொரு மணிக்கு ஏற்காடு ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். சின்னண்ணன் "ஒரு டீ சாப்பிட்டு வந்தர்றேன், அது பாட்டுக்குப் போவும்" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அது பாட்டுக்குத்தான் போனது. ஒரு மண்டபம் வந்தது. வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம், கலர் துணி வளைவு, "யுவஸ்ரீ காதணி விழா" என்று லாரி நீளத்துக்கு ஃபிளெக்ஸ். பவுன் வாழைமரத்தைப் பார்த்தது. காதை விறைத்தது. சடக்கென்று இடது பக்கம் திரும்பி உள்ளே நடந்தது.

பின்னால்தான் சின்னண்ணன் எனக்கு விளக்கம் சொன்னார்: ஐந்து வருஷமாக முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பவுனுக்குத் தாய்மாமன் சீர் தூக்குகிற வேலை ஒன்றுதான். வாழைமரம் கட்டின வாசலில் திரும்பினால் வெல்லம் கிடைக்கும். திரும்பாத வாசலை அது பார்த்ததே கிடையாதாம்.

"ஓ, ஓ, நில்லு!" என்றேன். குதிரை நிற்கவில்லை. குதிரை போனதால் மேளம் வந்தது. மேளம் வந்ததால் தட்டும் வந்தது. செண்டை செட்டுக்கும் வாராவாரம் இதே பிழைப்புத்தானே? வளைவுக்குள் நுழைந்ததும் பையன்கள் கை தானாகவே சீர் அடியை எடுத்துவிட்டது. நவநீதகிருஷ்ணனுக்குக் கண் மூடியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு கிழவி ஓடிவந்தாள். "அடியே, தாய்மாமன் வந்தாச்சுடி! குதிரையில வந்திருக்கறாண்டி! ஆலாத்தி எடுத்துட்டு வாங்கடி!"

அவ்வளவுதான். மண்டபமே என்மேல் கவிழ்ந்தது. குடம் குடமாய்ப் பன்னீர் தெளித்தார்கள். குதிரை வாயில் ஒன்றரைக் கிலோ வெல்லத்தைத் திணித்தார்கள். நான் கழுத்தை நீட்டி, பழைய பஸ் ஸ்டாண்ட் தொண்டையில் கத்தினேன்: "அம்மா, நான் தாய்மாமன் இல்லீங்க! தியேட்டர்ல இருந்து வாரேன்!"

"எங்க இருந்து வந்தா என்ன சாமி, வந்தியே, அது போதும்" என்று கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே இறங்கி ஓடலாம் என்றால் குதிரை மூன்று ஆள் உயரம். கிரீடத்தைக் கழற்றலாம் என்றால் முடிச்சு இறுகிக் கிடக்கிறது. பின்னால் முத்தாயம்மாள் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறாள்: "யோவ், உடுங்கய்யா, அது பாப்கார்ன் தட்டு!" யார் காதில் விழும்? எட்டுச் செண்டை முழங்குகிறது. பதினொரு தட்டும் ஆலாத்தி சுற்றப்பட்டு, மஞ்சள் வைக்கப்பட்டு, மேடைக்கு ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டது.

அப்போது பந்தி நடக்கிற பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் மாலை, முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். அவர்தான் குழந்தையின் அப்பா, மாதேஸ்வரன். "அவன் வரமாட்டான், வரவே மாட்டான்" என்று காலையிலிருந்து எல்லாரிடமும் அடித்துப் பேசிக்கொண்டிருந்தவராம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிரீடம், ஒட்டு மீசை, கறுப்புக் கண்ணாடி. இதில் என் மூஞ்சி என்று தெரிந்தது மூக்கு நுனி ஒன்றுதான்.

நாலு பேர் என்னைத் தூக்கி இறக்கினார்கள். மாதேஸ்வரன் மாலையைப் போட்டார். போடும்போது வாயை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஏனுங் மச்சான், என்னைய நாலு பேரு முன்னால கேவலப்படுத்தோணும்னுதான இந்த வேஷம்? புது ஊட்டுக்குக் குடி போனப்பப் பத்திரிகையில உங்க பேரை உட்டது தப்புத்தேன். நாந்தேன் உட்டேன். ஒத்துக்கறேன். அதுக்கு ஆறு வருஷம் களிச்சு இப்படிக் கிரீடம் வெச்சுட்டா வருவாங்க?"

நான் திகைத்துப் போனேன். எனக்கு இந்த ஆளைத் தெரியாது. இவர் வீடு தெரியாது. பத்திரிகை தெரியாது. இருந்தாலும், முப்பத்துநாலு வருஷம் கண்டக்டர். கொடுத்ததை வாங்கித்தானே பழக்கம்? "சரிங்க" என்றேன். வாயைத் திறந்து மிச்சத்தைச் சொல்வதற்குள் இழுத்துக்கொண்டுபோய் மேடையில் பாயில் உட்கார்த்திவிட்டார்கள். எதிரே ஆசாரி, தாம்பாளத்தில் கம்பியும் கம்மலும் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். "பன்னண்டு வரைக்குந்தானுங்க நல்ல நேரம். பாப்பாவ மடியில உக்கார வெய்யுங்க."

மொட்டைத் தலையில் சந்தனம் பூசின மூன்று வயசுப் பெண் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். யுவஸ்ரீ. அழவில்லை. என் மீசையைத் தொட்டுப் பார்த்தது.

"நீ ராஜாவா?"

"அது... ஆமா சாமி."

"குதிரை உன்னுதா?"

"ரெண்டரை மணி வரைக்கும் என்னுதுதான்."

அந்தச் சமயத்தில்தான் குழந்தையின் அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். தமிழ்ச்செல்வி. என்னைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கு அண்ணனின் மூக்கு நுனி தெரியாதா? நான் கும்பிட்டேன். "தாயீ, நான் ராஜமங்களா தியேட்டர்..." என்று ஆரம்பித்தேன். அவள் குழந்தைக்குச் சந்தனம் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள்.

"தெரியுதுங்க. எங்கண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காருக்குள்ள உக்காந்திருக்குது. ஒம்பது மணியில இருந்து. ஏசி போட்டுட்டு."

"அப்பறம் ஏன்..."

"வந்து கூப்பிடோணுமாம். இவரு வாட்சப்புல பத்திரிகை அனுப்பி உட்டாரு. அதெல்லாம் ஒரு அழைப்பான்னு அண்ணன் கேக்குது. கேட்டுக்கு வந்தா போய்க் கூப்பிடறேன்னு இவரு சொல்றாரு. ஒருத்தரு காரை உட்டு எறங்க மாட்டாரு, ஒருத்தரு கேட்டைத் தாண்ட மாட்டாரு. ரெண்டு பேரு கால்லயும் உளுந்து பாத்துட்டனுங்க." அவள் குழந்தையின் காதோரச் சந்தனத்தைத் துடைத்தாள். "எங்கண்ணன் மடியில எம் புள்ள உக்காரோணும். அண்ணன் எங்க ஊட்டுச் சோத்துல ஒரு வாயி திங்கோணும். வேறொண்ணும் நான் கேக்கலீங்க. நீங்க சித்த நேரம் எந்திரிச்சுப் போயிராதீங்க சாமி. மேளத்தை இன்னும் பலமா அடிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு செல்லை எடுத்து, நானும் மாலையும் கிரீடமும் மடியில் குழந்தையுமாக ஒரு போட்டோ பிடித்தாள். ஏதோ தட்டினாள். பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன், அண்ணனுக்கு அவள் அனுப்பியது இவ்வளவுதான்: "தாய்மாமன் வந்தாச்சு. நீ ஊருக்குப் போறதுன்னா போயிக்கோ."

மணி பதினொன்று ஐம்பது. ஆசாரி கம்பியைத் துடைத்தார். என் முதுகில் வியர்வை காவிரியாக ஓடி, மேடையில் தேங்கி, பந்தியில் மூன்றாவது வரிசை வரைக்கும் போனது. தெருவில் கரடியாக நின்று நாய்க் கடி வாங்குவது ஒரு ரகம். யாரோ பெற்ற பிள்ளைக்குத் தாய்மாமன் ஆகிறது வேறு ரகம். அதெல்லாம் ஆயுசுக்கும் நிற்கிற உறவு. இந்தப் பெண் வயசுக்கு வந்தால் நான்தான் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு நான்தான் முதல் சீர் கொண்டுவர வேண்டும். ஞானமேரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

அப்போது வாசலில் ஒரு சத்தம். எட்டுச் செண்டையையும் மீறின சத்தம். அன்றைக்குத்தான் தெரிந்தது, சேலம் ஜில்லாவில் எனக்கு ஈடான தொண்டை இன்னொன்று இருக்கிறது என்று.

"எவண்டா அவன்? என் தங்கச்சி புள்ளைக்கு மடி குடுக்கறவன் எவண்டா?"

நவநீதகிருஷ்ணனுக்கே கண் திறந்துவிட்டது. மேளம் நின்றது.

நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டி வைத்து வடக்கே போர்வெல் போடுகிறவர். ஆறு வருஷத்தில் உடம்பு போட்டிருக்கிறார், தாடி வளர்த்திருக்கிறார், ஓடி வந்ததில் ஒரு கால் செருப்பு ரோட்டிலேயே போய்விட்டது. மண்டபத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தாய்மாமன் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு தாய்மாமன் எப்படி வர முடியும்? எல்லாரும் மாதேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நாச்சிமுத்துவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கும்பிட்டேன்.

"சவரியாருங்க. ராஜமங்களா தியேட்டர். தினசரி நாலு காட்சிகள்."

மாதேஸ்வரனின் முகத்தில் ஏழு கலர் ஓடியது. அதை மறைக்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. நாச்சிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நீங்க எந்தத் தியேட்டருங்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாச்சிமுத்து சிரிக்கவில்லை. விரலை என் பக்கம் நீட்டினார். "எந்திரி."

"எந்திரிக்கறேங்க. பாப்பா உடணுமே."

யுவஸ்ரீ என் அங்கவஸ்திரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் ராஜா மடியிலதான் உக்காருவேன்."

"கண்ணு, நான் உங்க மாமன் சாமி" என்றார் நாச்சிமுத்து. குரல் அப்படியே குழைந்துபோனது. குழந்தை அவர் தாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அது அவரைப் பார்த்ததில்லை.

"நேரம் ஆகுதுங்க" என்றார் ஆசாரி. "அஞ்சு நிமிசந்தான் இருக்குது. யாராச்சும் ஒரு மாமன் முடிவாகுங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு பெரிய மனுஷன்கள், ஒரு காரு, ஒரு கேட்டு. நடுவில் நான் நாடா இறுகிச் சாகிறேன். "அட இந்த முடிச்சை யாராவது அறுங்கப்பா!" என்று கத்தினேன். ஆசாரி கத்தரியால் வெட்டினார். கிரீடத்தைக் கழற்றி நாச்சிமுத்து தலையில் கவிழ்த்தேன். மீசையையும் பிய்த்து, அவர் தாடிக்கு மேலேயே ஒட்டினேன். என் தோல் கொஞ்சம் மீசையோடு போய்விட்டது. அவர் தடுக்கவில்லை. காரை விட்டு இறங்காத மனுஷன், நானூறு பேர் பார்க்க, அட்டைக் கிரீடத்தோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப இவருதான் ராஜா" என்றேன். குழந்தை இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மீசை அங்கே போய்விட்டது என்று உறுதியானதும், தவழ்ந்து அவர் மடிக்கு மாறியது.

காது குத்தினார்கள். குழந்தை ஒரு தடவை வீரிட்டது. நாச்சிமுத்து நாலு தடவை வீரிட்டார். தமிழ்ச்செல்வி முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

எல்லாம் முடிந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? "மச்சான், வாங்க, பந்திக்குப் போலாம்" என்று யாரோ கூப்பிட, நாச்சிமுத்து எழுந்து மேல்துண்டை உதறினார்.

"மடி குடுத்தது என் கடமை. குடுத்துட்டேன். இந்த ஊட்டுச் சோத்துல நான் கை நனைக்க மாட்டேன். என் பேரை உட்டவரு உட்டது தப்புன்னு சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

தமிழ்ச்செல்வியின் முகம் செத்துப்போனது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அவருதான் சொல்லிட்டாரே!" என்றேன். "தப்புதான், நான்தான் விட்டேன், ஒத்துக்கறேன்னு மாலை போடும்போது என் காதுல சொன்னாருங்க. உங்களுக்கு வந்த மன்னிப்புங்க அது. வீட்டுல இல்லாத ஆளுக்கு வந்த மணியார்டர் மாதிரி நான் வாங்கி வெச்சிருக்கேன்."

மண்டபம் மாதேஸ்வரனைப் பார்த்தது. அவர் திருநீறு வியர்வையில் கரைந்து கொண்டிருந்தது. சினிமாவுக்கு ஆள் கூப்பிடுகிறவனுக்கு மாலை போட்டு மன்னிப்பும் கேட்டவன் என்று அவர் பங்காளிகள் வருஷக்கணக்கில் சிரிக்க மாட்டார்களா?

"அப்படி ஒண்ணும் நடக்கலீங்க" என்றார். "இந்தாளு வேஷக்காரன். வாயில வந்ததைச் சொல்றான். நான் மாலை போட்டதே... காத்துல போட்டது."

"காத்துலயா?" என்றேன், கழுத்தில் கிடந்த மாலையைத் தூக்கிக் காட்டி.

"நடக்கலீங்க."

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். அப்போதுதான் மாதேஸ்வரனின் பங்காளிகளில் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சோறு திங்காட்டிப் போவட்டும், மாமன் சீரு எங்க?" என்றார். நாச்சிமுத்து மேடையில் வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்தார். "அதோ பதினொண்ணு இருக்குது."

முத்தாயம்மாள் பாய்ந்தாள். "அது தியேட்டரு பாப்கார்னுங்க! நான் திருப்பிக் கொண்டுபோயிக் குடுக்கோணும்!"

"ஆலாத்தி சுத்தி மேடை ஏறின தட்டைத் திருப்பி எறக்கற பழக்கம் எங்க பக்கம் கெடையாது ஆத்தா" என்றார் நாச்சிமுத்து. "பாப்கார்னா இருந்தா பாப்கார்ன் சீரு. ஏனுங்க வேஷக்காரரே, உங்க தியேட்டர்ல எத்தனை சீட்டு?"

"நானூத்தி எம்பதுங்க."

"அத்தனையும் எம் பேருல போடுங்க. எம் மருமவளுக்கு ராஜா புடிச்சிருக்குது. ராஜா படம் காட்டறது மாமன் சீரு. வர்றவங்க எல்லாம் வாங்க."

குமரகுருவுக்கு போன் போட்டேன். "சார், நானூறு பேரோட வாரேன். ஏசி போடுங்க."

"சவரியாரே," என்றார் அவர், ரொம்ப அன்பாக, "வெயில்ல நிக்காதீங்க. ஒரு மோர் குடிச்சுட்டு நிழலா உக்காருங்க."

இரண்டே கால் மணிக்கு செண்டையைக் கேட்டு குமரகுரு தியேட்டர் வாசலுக்கு வந்தார். முன்னால் பவுன், அதன்மேல் மொட்டைத் தலையும் புதுக் கம்மலுமாக யுவஸ்ரீ, பிடித்துக்கொண்டு சின்னண்ணன். பக்கத்தில் கிரீடத்தோடு நாச்சிமுத்து, நடந்து. குதிரை என்றால் அவருக்குப் பயமாம். பின்னால் நான்கு ரோடு வரைக்கும் பட்டுச் சேலை. கடைசியில், யாரோடும் சேராமல், மாதேஸ்வரன். குமரகுரு கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படம் ஓடியது. ராஜாக்கள் வெட்டிக்கொண்டார்கள். நான் எட்டாவது வரிசையில் நாச்சிமுத்துவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிரீடம் தியேட்டர் சொத்து, கண்காணிக்க வேண்டும். அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிற்றுச் சத்தம் வசனத்தை மீறிக் கேட்டது. எனக்கு ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை விட்டார்கள். ஜனம் வெளியே போனது. நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. மடியில் குழந்தை தூங்கிவிட்டது. பக்கத்துச் சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மாதேஸ்வரன். ஒரு கையில் காபி, ஒரு கையில் பேப்பரில் சுற்றின இரண்டு பப்ஸ்.

"தின்னுங் மச்சான். ஆறிப்போவும்."

நாச்சிமுத்து திரும்பவில்லை. "இது கேண்டீன்து. உங்க ஊட்டுச் சோறு இல்ல."

"நான் வாங்கினதுதானுங்."

"அப்ப மொதல்ல ஒண்ணு சொல்லுங் மாப்ள. அந்தாளு சொன்னது நெசமா?"

மாதேஸ்வரன் காபியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னால் நான் இருப்பதைப் பார்த்தார். நான் சட்டென்று கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தேன். இந்த வேஷம் மட்டும் எனக்குச் சரியாக வராது. முன் சீட்டில் குழந்தை புரண்டது. மாதேஸ்வரன் அதன் மொட்டைத் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

"நடந்துச்சுங் மச்சான்," என்றார். "மாலை போட்டேன். பேரை உட்டது தப்புன்னு சொன்னேன். இந்தாளுகிட்டத்தான் சொன்னேன். நீங்கன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."